இடக்கை முடிச்சு

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டுவிடுகிறார்கள். முதுகு வலிக்குக் கூட்டம், துக்கத்துக்குக் கூட்டம், தொப்பை குறைக்கக் கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் தண்ணீராக ஒரு காப்பியை ஊற்றிக் கொடுத்து, "மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்பார்கள். வெளியே எடுத்து வைப்பதற்கா ஆண்டவன் மனசை நெஞ்சுக்குள்ளே வைத்தான்? லின்வுட் க்ரோலியின் அப்பா எழுபது வருஷம் இருந்தார். தன் மனசில் இருந்ததை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் படகு பாறையில் மோதியபோது. அதை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை, ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, மார்ச் மாதச் சேற்றில் பூட்ஸ் புதையப் புதைய நடந்து, பெட்டிக்ரூ துறைத் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து, அந்த வட்டத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார் என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை கெண்ட்ரா வீட்டுக்கு வரவேண்டும்.

கெண்ட்ரா அவருடைய ஒரே மகள். முப்பத்தொரு வயது. சொந்தப் படகு, சொந்த உரிமம், தனியாகக் கடலுக்குப் போய்ச் சிங்கி இறால் பிடிக்கிறவள். டிசம்பரில் ஒரு காலை, இரை மீன் கொட்டகைக்குப் பக்கத்தில் தன் டிரக்குக்குள் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து மூச்சில்லாமல் கிடந்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் டிரைவர் மேவிஸ்தான் பார்த்தாள். கண்ணாடியை உடைத்து, பஸ்ஸில் வைத்திருந்த, போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் பீய்ச்சி உயிரைத் திருப்பினாள். அதற்குப் பிறகு பேங்கர் நகரத்தில், போதையை விடுகிறவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லத்தில் தொண்ணூறு நாள். அங்கிருந்து எந்த வீட்டுக்குப் போகிறாளோ அந்த வீட்டு ஆள் இந்த வகுப்பில் உட்கார்ந்து, முடிவில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் யாரோ முன்பின் தெரியாதவர்களோடு பேங்கரிலேயே அவள் இருக்க வேண்டியதுதான்.

லின்வுட்டின் மனைவி ஆர்லீன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. கெண்ட்ரா வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வண்டி வீட்டில் இருந்தாள், சாப்பாடு இவரோடு. அவள் கதவைக் கையால் திறக்கவே மாட்டாள். கை நிறைய எதையாவது தூக்கிக்கொண்டு குதிகாலால் ஓர் உதை. "கதவுக்குப் பிடின்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கான்?" என்று இவர் திட்டாத நாள் கிடையாது. இந்தத் தொண்ணூறு நாளில், காற்று கதவை ஆட்டும்போதெல்லாம் திட்டுவதற்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

வட்டத்தில் ஏழு பேர் இருந்தார்கள். பாடம் நடத்த வந்தவள் கார்லா என்று ஒரு சின்னப் பெண், மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து. நகத்தில் அழுக்கே இல்லை. எதிரே மேவிஸ். அவள் புருஷன் டேல் துறையில் முதுகை ஒடித்துக்கொண்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, இப்போது எங்கேயோ போய் நிற்கிறான். இதெல்லாம் லின்வுட்டுக்குத் தெரிந்ததுதான். எதிர்பார்க்காத ஒன்று, காப்பி ஊற்றிக்கொண்டு வந்த ஆள், அதே துறையில் இறால் பிடிக்கிறவன். நாரிஸ். இடது கையில் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்தான். லின்வுட் தன் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"காப்பி வேணாமா?" என்றான் நாரிஸ்.

"உன் கையால வேணாம்."

நாரிஸ் தோளைக் குலுக்கிவிட்டு, கெட்டிலை வைத்துவிட்டு, வேறு இடமே இல்லாதவன் போல இவருக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். ஒன்றரை வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. நம் மானம் போவதை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான் திருட்டுப் பயல் என்று லின்வுட் நினைத்தார்.

கார்லா ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். லின்வுட் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி வீட்ல இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொன்னார். நாரிஸ் தன் தாளைப் பார்த்தபடி, தனக்குத்தானே முணுமுணுப்பது போல வாசிக்க ஆரம்பித்தான். இவருக்குக் கேட்கும் அளவுக்குத்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

"முதல்ல இருக்கறது அவங்க பேசிக்கிற சொல்லு," என்றாள் கார்லா. "முப்பது, நீலம், பெர்க், இதெல்லாம் மாத்திரை. ஃபெட்டின்னா ஃபென்டனில், ஆளையே கொல்ற போதை மருந்து. 'நோவா இருக்கு'ன்னா காய்ச்சல் தலைவலி இல்ல, போட்டுக்க ஒண்ணும் கிடைக்காம உடம்பு படற பாடு. 'குணமாகணும்'னா மறுபடி போட்டுக்கணும்னு அர்த்தம்."

"இதெல்லாம் போன வருஷத்துப் பேரும்மா," என்றாள் மேவிஸ். "என் பஸ்ல எட்டாவது படிக்கறதுங்க இதக் கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கும்."

"மாறிக்கிட்டேதான் இருக்கும் மேவிஸ்."

"அப்ப எதுக்கு இந்தத் தாளு?" என்றார் லின்வுட். "நேத்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு எழுதி வச்சுக்கிட்டு இன்னிக்குப் படகு ஓட்டறதா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். கார்லாவும் சிரித்தாள். "சொல்லு மாறும் ஐயா. நாம உள்ள வந்ததும் பேச்சு சட்டுனு நிக்கும் பாருங்க, அது மாறாது. அதக் கவனிங்க."

அந்த 'நோவா இருக்கு' மட்டும் லின்வுட்டின் காதிலேயே நின்றது. போன ஜூலையில் ஒரு நாள் படகு ரேடியோவில் கெண்ட்ராவின் குரலைக் கேட்டிருந்தார். யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "ரொம்ப நோவா இருக்கு. என்னக் குணமாக்க யார்கிட்டயாச்சும் ஏதாவது இருக்கா?" குரல் நடுங்கியது. இவர் அன்று பாதி வேலையில் திரும்பி, வீட்டுக்குப் போய், உருளைக்கிழங்கும் ஹேடாக் மீனும் போட்டுப் பாலில் சூப் வைத்து, ஆர்லீனின் மூடி போட்ட பாத்திரத்தில் ஊற்றி, மகளுடைய படகுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். சூடாகக் குடி என்றார். அவள் பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அந்தச் சூப்பைக் கடற்பறவைகள் கொத்திக்கொண்டிருந்தன. ராஜா வீட்டு விருந்துபோலக் கொண்டுபோனதைப் பறவைக்கு ஊற்றிவிட்டாளே என்று இவருக்கு ஒரு வாரம் கோபம்.

"ரெண்டாவது, கண்ணு," என்றாள் கார்லா. "கருமணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கிக் கிடக்கும். இருட்டறையில இருந்தாக்கூடச் சுருங்கியே இருக்கும்."

நவம்பரில் நன்றி நாள் விருந்தன்று, சமையலறையில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து வான்கோழியைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்த கெண்ட்ரா தலையை நிமிர்த்தினாள். கண் முழுக்க நீலம், கறுப்பே இல்லை. உங்கம்மா கண்ணு அப்படியே வந்துட்டுது உனக்கு என்று லின்வுட் சொன்னார். அவ்வளவு அழகாக இருந்தாள்.

தாளை மடித்துத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டார்.

"இப்ப ஒவ்வொருத்தரா," என்றாள் கார்லா, "நீங்க கண்ணால பாத்தும் என்னன்னு புரியாமப் போன ஒண்ணச் சொல்லுங்க. இஷ்டம் இருந்தாச் சொன்னாப் போதும்."

மேவிஸ் சொன்னாள்: "எங்க வீட்ல கரண்டி குறைஞ்சுகிட்டே வந்துச்சு, டேல் மருந்தக் காய்ச்சறதுக்கு எடுத்திருக்கான். நான் என் நாத்தனார் மேல சந்தேகப்பட்டேன். கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பரிசா ஒரு செட் கரண்டி கொடுத்தேன், வாங்கிக்கோடி இதையாவது சொந்தமா வச்சுக்கோன்னு. இன்னிவரைக்கும் அவளுக்கு ஏன்னு புரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

அடுத்தது நாரிஸின் முறை. அவன் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"என் தம்பி கேலன் இதுல போனது உங்களுக்கெல்லாம் தெரியும். நாலு வருஷம் ஆச்சு. நான் கண்ணப் பாத்துக் கண்டுபிடிக்கல, சொல்லக் கேட்டும் கண்டுபிடிக்கல. இறால் கூண்டப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். அவன் கூண்டோட மிதவையில பாசி ஏற ஆரம்பிச்சுது. மூணு வாரம், நாலு வாரம் கூண்டு கடலுக்கடியில கிடக்கும், இழுக்க மாட்டான். உள்ள மாட்டுன இறால் பசி தாங்காம ஒண்ண ஒண்ணு தின்னுடும். நான் பாத்தேன், தெரிஞ்சுது. வாயத் திறக்கல. இன்னொருத்தன் கூண்டு, இன்னொருத்தன் வீடு. தொடக் கூடாதுன்னு சொல்லித்தானே நம்மள வளத்தாங்க."

அந்தத் துறையில் பிறந்த எல்லோருக்கும் அந்தச் சட்டம் தெரியும். அடுத்தவன் கூண்டை இழுத்துப் பார்ப்பவனுக்கு உரிமம் போகும், அது அரசாங்கத்துச் சட்டம். துறையின் சட்டம் அதைவிடப் பழையது. முதலில் அவன் மிதவையின் கம்பில் கயிற்றால் இரண்டு சுற்று முடிச்சுப் போட்டு விடுவார்கள். 'தெரியும், நிறுத்திக்கோ' என்று அர்த்தம். நிறுத்தாவிட்டால் அவன் கயிற்றை அறுப்பார்கள். கூண்டெல்லாம் கடலடியிலேயே போகும். யாரும் போலீசுக்குப் போக மாட்டார்கள், யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள்.

"அப்புறம் ரெண்டு வருஷம் முன்னால," என்று நாரிஸ் தொடர்ந்தான், "இன்னொருத்தர் மிதவையில பாசி ஏறறதப் பாத்தேன். பேரு சொல்ல மாட்டேன். அந்த வருஷம் கோடை பூராவும் பத்து நாளைக்கு ஒரு தடவை நான் போய் அதுங்கள இழுத்தேன். புது இரை கட்டினேன். பிடிச்ச இறாலப் பெட்டியில போட்டு அவங்க படகுகிட்டயே கட்டி விட்டேன். கடல் காவல்காரன் கண்ணுல படக்கூடாது, வீட்டுக்குத் தெரியக் கூடாது, கொஞ்ச நாள்ல தானாத் தெளிஞ்சுடும்னு நெனச்சேன். நல்லது பண்றதா நெனப்பு. அந்த இறால வித்துத்தான் அவங்க மேல மேல வாங்கிப் போட்டுக்கிட்டாங்கன்னு எனக்கு அப்புறந்தான் உறைச்சுது."

ஒருவரும் லின்வுட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்காமல் இருந்ததிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ அக்டோபர். கெண்ட்ரா பருவம் முடிந்து கூண்டுகளைக் கரையேற்றினாள். இவர் கூட நின்று இறக்கி அடுக்கினார். இரைப் பையைக் கட்டுவதற்கு க்ரோலி வீட்டில் ஒரு முடிச்சு உண்டு. லின்வுட்டின் அப்பா போட்டது, லின்வுட் போடுவது, கெண்ட்ரா பத்து வயதில் அவர் மடியில் உட்கார்ந்து நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கற்றது. ஆனால் அன்று அடுக்கின கூண்டுகளில் பாதிக்கு மேல் முடிச்சு வேறு. சுற்று எதிர்ப்பக்கமாக ஓடியது. இடது கைக்காரன் கட்டினால்தான் அப்படி ஓடும். அந்தத் துறையில் இடது கைக்காரன் ஒரே ஒருவன்.

"நாரிஸ் உன் கூண்டத் திருடி இழுத்திருக்கான்" என்று சொன்னார். கெண்ட்ரா ஒரு கூண்டைத் தூக்கியபடியே நின்றாள். பிறகு, "இருக்கும்பா" என்றாள்.

அவ்வளவுதான். அன்றே போய் நாரிஸின் மிதவையில் இரண்டு சுற்று முடிச்சைப் போட்டார். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு பனிமூட்டக் காலையில் போய் அவன் கயிறுகளை அறுத்தார். ஒன்றிரண்டல்ல, வரிசையாக. நாரிஸ் பதிலுக்கு ஒன்றையும் அறுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வாயை மூடிக்கொண்டான் என்று துறை முழுக்கச் சொன்னது. லின்வுட்டும் அதையே சொல்லிக்கொண்டு, மகளுக்காக ஒரு காரியம் செய்தோம் என்று குளிர்காலம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார்.

கார்லா இடைவேளை விட்டாள். எல்லோரும் வெல்லப்பாகு டோனட்டுக்காக மேசைப் பக்கம் போனார்கள். இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றார் லின்வுட். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"உன் பல்ல உடைச்சிருப்பேன்."

"ம். பல்லு போனாலும் போகுதுன்னு சொல்லியிருக்கணும்." நாரிஸ் தன் தாடையைத் தடவிக்கொண்டான். "எப்படியும் இதுல பாதி கட்டினதுதான்."

"நாப்பது கயிறு அறுத்தேன்."

"நாப்பத்தொண்ணு."

"நாப்பதுதான். நான் அறுத்தது எனக்குத் தெரியாதா?"

"நாப்பத்தொண்ணு போச்சு."

"ஒண்ணு கடல்நாய் கடிச்சிருக்கும். அதையும் என் தலையில கட்டாத."

நாரிஸ் மூக்கால் சிரித்தான். லின்வுட் சிரிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவருக்குத் தெரியும், வாய்க்குத்தான் பழக்கமில்லை. கையிலிருந்த கோப்பையை நீட்டினார். நாரிஸ் எழுந்து போய்க் கெட்டிலைக் கொண்டுவந்து ஊற்றினான். ஆறிப்போன காப்பி. குடித்தார்.

"அவ கோடை பூராவும் என்ன பண்ணிட்டு இருந்தா?" என்று கேட்டார். "காலையில அஞ்சு மணிக்குப் படகு எடுத்துட்டுப் போவா. நான் பாத்தேனே."

"தீவுக்குப் பின்னால போய் நங்கூரம் போட்டுட்டுக் கிடப்பா. நான் ரெண்டு தடவை பாத்தேன். மூச்சு வருதான்னு பாத்துட்டு வந்துடுவேன்."

"மூச்சு வருதான்னு நீ பாத்த."

"ஆமா."

லின்வுட் கோப்பையைத் தரையில் வைத்தார். மகளுக்கு மூச்சு வருகிறதா என்று ஊரான் ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளைப் பெற்றவர் இரண்டு மைல் தள்ளி, இன்றைக்கும் சீக்கிரமே கிளம்பிவிட்டாள், என் பெண்ணல்லவா என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இரண்டு மைலை இப்போது கடந்துவிட முடிந்தால் படகை எரித்துவிடக்கூட அவர் தயார்.

கார்லா வந்து குனிந்தாள். "ஐயா, மேல ஆபீஸ் ரூம்ல போன் வந்திருக்கு. கெண்ட்ரா. அஞ்சு நிமிஷம் பேசலாம். பேசிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

படிகள் பதினான்கு. ஒவ்வொன்றிலும் நின்று ஏறினார். மேசைமேல் போன் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"அப்பா?"

"ம்."

"நடந்தா வந்த? சேறா இருக்குமே."

"சேறுதான். மார்ச்சு மாசத்துல பூவா கொட்டும்?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள். சிரிப்பு முடிந்தும் இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

"நாரிஸ் இங்க இருக்கான்," என்றார்.

சிரிப்பு நின்றது. "சொல்லிட்டானா?"

"பேரு சொல்லல. பேரு எதுக்கு? அவன்தான் உனக்காக இழுத்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் போய் அவன் கயித்த அறுத்தப்ப?"

"தெரியும்பா. ஜன்னல்லேருந்து உன் படகு போறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"அப்ப ஏன் தடுக்கல? ஒரு வார்த்தை. 'போகாதப்பா'ன்னு ஒரு வார்த்தை."

அந்தப் பக்கம் யாரோ கதவை மூடும் சத்தம் கேட்டது.

"நீ அவன முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் என்னப் பாக்க மாட்ட. அதான்பா. எனக்கு அது வசதியா இருந்துச்சு." குரல் தேய்ந்தது. "அப்ப நான் அப்படித்தான் இருந்தேன்."

லின்வுட் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். திட்டுவதற்கு நிறைய இருந்தது. திட்டினால் அவள் போனை வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவர் இதுவரை யாருக்கும் அப்படிப் பயந்ததில்லை.

"அப்பா, கேளு. அந்தத் தாளுல வாரத்துக்கு ஒரு தடவை என் ரூமப் பாக்கணும், பையப் பாக்கணும்னு போட்டிருக்கும். ஒத்துக்கோ."

"அதெல்லாம் என்னால ஆகாது. உன் சாமானுல நான் கை வைக்கறதா? பொம்பளப் புள்ள சாமானு. உங்கம்மா பெட்டியக்கூட நான் இன்னும் திறந்ததில்ல."

"திற. என்னோடதத் திற. நான் கத்துவேன், நம்பிக்கை இல்லையான்னு கேட்டு அழுவேன், கதவச் சாத்துவேன். அப்பவும் பாரு. நான் நல்லா இருக்கேன்னு சொல்ற அன்னிக்கு ரெண்டு தடவை பாரு."

"நீ நல்லா இருக்கேன்னு சொன்னா நான் நம்பக் கூடாதா?"

"கூடாது."

"பெத்தவன்டி நான்."

"அதனாலதான் சொல்றேன்." பிறகு அவசரமாக, "நேரம் ஆச்சுன்னு சொல்றாங்க. சனிக்கிழமை வருவேல்ல? நீயே வா. வேற யாரையும் அனுப்பாத" என்றாள்.

"வரேன்," என்றார். போன் அணைந்த பிறகும் இன்னொரு தடவை, "வரேன்" என்றார்.

கீழே இறங்கி வந்தபோது கார்லா தாளையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தாள். லின்வுட் நாரிஸிடம் தாளை நீட்டி, "படி" என்றார். நாரிஸ் இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படியே படித்தான். கண்ணைப் பார்க்கவேண்டும், தூக்கத்தைப் பார்க்கவேண்டும், வீட்டுப் பொருள் குறைகிறதா என்று பார்க்கவேண்டும், அறையைப் பார்க்கவேண்டும், மூக்கில் பீய்ச்சும் மருந்து வீட்டில் இருக்கவேண்டும், அதைப் பயன்படுத்தக் கற்றிருக்கவேண்டும்.

"இதெல்லாம் பாத்தாத் தெரிஞ்சுடுமா?" என்று லின்வுட் கேட்டார். "பொண்ணே, நீ நேராச் சொல்லு. சனிக்கிழமை என் வண்டியில ஏறி உக்காரப் போறது என் மகதானா, இல்ல அந்தச் சனியன் அவ சட்டையப் போட்டுக்கிட்டு வருதான்னு, இதப் பாத்தாத் தெரியுமா?"

கார்லா உடனே பதில் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அந்தப் பெண்ணிடம் அவருக்குப் பிடித்தது. "முதல் நாளே தெரியாது ஐயா," என்றாள். "பாத்துக்கிட்டே இருந்தா, தப்பு நடக்கறப்ப சீக்கிரம் தெரியும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அதுக்கு ஒரு தாளு, ஒரு கூட்டம்."

"கையெழுத்துப் போடறீங்களா?"

போட்டார். எழுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கயிறு இழுப்பது போல இழுத்துப் போட்டார். போட்டதும் மூக்கு மருந்துப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மேவிஸ் அதைப் பிரித்து, எப்படி மூக்குக்குள் வைப்பது, எங்கே அழுத்துவது என்று காட்டினாள்.

"என் மூக்குல வச்சுப் பழகு லின்வுட், பரவாயில்ல. உன் மூக்கு மாதிரி பெருசாத்தான் இருக்கு."

"உன் மூக்குல வச்சா மருந்து பத்தாது," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பெட்டியைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பின்னால் கார்லா, "கொஞ்சமாவது உபயோகமா இருந்துச்சா ஐயா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார்.

வெளியே நாரிஸ் தன் டிரக்கின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "ஏறு. மேடு வரைக்கும் விடறேன்."

"கால் இருக்கு எனக்கு."

"சனிக்கிழமை பேங்கருக்கு உன் வண்டி தாங்குமா?"

"தாங்கும்." இரண்டு அடி வைத்து நின்றார். திரும்பவில்லை. "தாங்கலேன்னா சொல்றேன்."

சாலையில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. துறையில் யாரோ இந்த வருஷத்து மிதவைகளுக்கு வண்ணம் அடிக்கும் வாசனை வந்தது. லின்வுட் மேட்டில் ஏறினார். அவள் சொன்னதையெல்லாம் மறுபடி மறுபடி காதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நம்பாதே என்று சொல்கிறவளை நம்பலாமா? நம்பாதே என்று சொன்னால் நம்பிவிடுவான் கிழவன் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தால்? அந்த இல்லத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களாயிருக்கும். குரல் என்னவோ அவள் குரல்தான். ஆனால் 'இருக்கும்பா' என்று சொன்னபோதும் இதே குரல்தான் இருந்தது. அன்றைக்கும் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கண்ணைப் பார்க்கணுமாம், தூக்கத்தைப் பார்க்கணுமாம். கடலைப் பார்த்தே அறுபது வருஷம் ஆயிற்று. அதிலேயே இன்றுவரை பாதி புரிந்தபாடில்லை. நகத்தில் அழுக்கில்லாத ஒரு பெண் எழுதின தாளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியைப் படித்துவிட முடியுமா? அதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பும் முனையைத் தாண்டிக் கடைப் பக்கம் நடந்தார். சனிக்கிழமை ராத்திரிக்குப் பீன்ஸ் வேகவைக்க வேண்டும், அதில் போடும் உப்புக்கண்டம் தீர்ந்துபோயிருந்தது. அவளுக்கு அது நிறைய வேண்டும்.